மலைக்குக் குறடு மட்டும் போதுமா?

ஹல்துமுல்லைத் தோட்டப் புறங்களில் ஒரு மாணவனுக்குப் பல்வலி வந்தால் அதனை நாம் படிப்படியாக அறிந்துகொள்கிறோம். முதல் நாள் அவன் கன்னத்தைக் கையில் தாங்கியபடி பாடம் கேட்பான். இரண்டாம் நாள் கன்னத்தைச் சுற்றித் துவாய் கட்டியிருக்கும். வாயைத் திறந்தால் கிராம்பின் வாசமோ, பாட்டி அழுத்தி வைத்த புகையிலைத் துணுக்கின் வாசமோ வீசும். மூன்றாம் நாள் அவன் இருக்கை வெறுமையாக இருக்கும். அவன் மீண்டும் வகுப்புக்கு வருகையில் வாயில் ஒரு பல் குறைந்திருக்கும். இதற்குத்தான் நமது மலையில் பல் வைத்தியம் என்று பெயர்.

சென்ற தவணையில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாட்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவனை நாம் கண்டித்தோம். இலக்கண வகுப்பைத் தவறவிட்டவனிடம் ஆசிரியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையெல்லாம் கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்து காட்டினான். கீழ்த்தாடையில், பின்புறம், இரத்தம் உறைந்த குழி ஒன்று. கேள்வி கேட்ட நமக்கு வெட்கமாயிற்று.

அவன் தந்தையிடம் பின்னர் விசாரித்தோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனால் ‘பேர்’ விழும். பாதி வேலைக்கு ‘அரைப்பேர்’. முதல் நாள் அவர் அரைப்பேராவது விழட்டும் என்று காலை வேலையை முடித்துவிட்டு மகனை அழைத்துக்கொண்டு இறங்கினார். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நடை. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருப்பு. ஆஸ்பத்திரியை அடைந்தபோது அன்றைய நம்பர் துண்டுகள் முடிந்துவிட்டன. மறுநாள் விடியுமுன் புறப்பட்டார்கள். கன்னம் வீங்கிச் சீழ் கோத்திருந்தபடியால் மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்தபின் வரச் சொன்னார்கள். மூன்றாம் பயணத்திலேயே பல் பிடுங்கப்பட்டது. இரண்டரைப் பேர், மூன்று முறை பஸ் கட்டணம், மகனுக்கு நான்கு நாள் படிப்பு ஆகிய இவ்வளவும் கொடுத்து அக்குடும்பம் பெற்றுக்கொண்டது ஒரு குழியை. பிடுங்கிய வைத்தியரை நாம் குறை சொல்லவில்லை. அந்த நிலையில் வந்த பல்லை அவர் வேறென்ன செய்வார்? வரிசையில் பின்னால் நின்றவர்களும் அதே நிலையில்தான் வந்திருந்தார்கள்.

“பால்பல்தானே, மறுபடி முளைக்கும்” என்று தாய் நம்பியிருந்தார். ஆனால் அது பால்பல் அன்று. ஆறு வயதளவில், பால்பற்கள் ஒன்றும் விழாதிருக்கும்போதே, அவற்றுக்குப் பின்னால் ஓசையின்றி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அது நிரந்தரப் பல் என்று வீட்டில் எவர்க்கும் தோன்றுவதில்லை. அதன் மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் உண்டு. மாவும் சீனியும் அங்கே தங்கும். வாயில் வாழும் கிருமிகள் அச்சீனியைப் புளிக்கச் செய்து அமிலமாக்கும். அமிலம் எனாமலைக் கரைக்கும். முளைத்த சில மாதங்களில் யாராவது ஒருவர் அக்குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து, அவ்வெடிப்புகளை மெல்லிய பசைப்பூச்சால் அடைத்திருந்தால், அல்லது நாள்தோறும் புளோரைட் கலந்த பற்பசையால் துலக்கும் பழக்கம் அவனுக்கு வாய்த்திருந்தால், அந்தப் பல் ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடும். அப்படிப் பார்க்க வேண்டியவர் யார்? ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை அவர் எங்கே இருந்தார்? இக்கட்டுரை கேட்க வந்த கேள்வி இதுதான்.

கேள்விக்குச் சரித்திரம் உண்டு. இந்த நாட்டின் பொதுச் சுகாதாரம் பெருமை கொள்ளத்தக்கது என்பதை நாம் மறுக்கவில்லை. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபோது ஆசியாவுக்கே அது முன்மாதிரியாக இருந்தது. மருத்துவிச்சி வீடு தேடி வருவாள், நோய் வருமுன் காப்பதே அரசின் கடமை என்ற கொள்கை இங்கே வேரூன்றியது அப்போதுதான். பற்களைப் பொறுத்தமட்டிலும் அக்கொள்கை பின்தங்கிவிடவில்லை. முதலாம் உலகப் போருக்குப் படை திரட்டியபோது தன் இளைஞர்களின் பற்கள் கெட்டுக் கிடந்ததைக் கண்டு அதிர்ந்த நியூசிலாந்து, 1921இல் பெண்களைப் பல் தாதியராகப் பயிற்றிப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. முழு வைத்தியப் பட்டம் பெற்றவர்கள் வந்து சேரும்வரை குழந்தைகளின் பற்கள் காத்திருக்கமாட்டா என்பதை அச்சிறிய நாடு உணர்ந்திருந்தது. அதே முறையைப் பின்பற்றி 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலும் பாடசாலைப் பற்சேவை பிறந்தது. மகரகமையில் பயிற்சிக் கூடம் எழுந்தது. மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைப் பார்க்கும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இன்றும் அவ்வழியில் வந்தவர்களே. நல்ல திட்டம், ஏழை நாடொன்று வகுக்கக்கூடிய திட்டங்களில் மிக அறிவார்ந்த ஒன்று.

ஆனால் அந்த ஆண்டுகளைச் சற்று உற்றுநோக்குங்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் நாட்டையும் வாக்கையும் பறித்துக்கொண்ட சூடு ஆறுமுன் பிறந்த சேவை அது. பற்சேவை பாடசாலைக்கு வந்தது; ஆனால் எந்தப் பாடசாலைக்கு? தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் அன்று அரசாங்கப் பாடசாலைகளல்ல. ஒற்றை அறையில், ஒற்றை ஆசிரியரின் கீழ், தோட்ட நிர்வாகத்தின் தயவில் நடந்த அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தது 1970களின் பின்பாதியிலிருந்துதான். நாட்டின் மற்றக் குழந்தைகளுக்குப் பல் தாதி வரத் தொடங்கிக் கால் நூற்றாண்டு கடந்தபின்னரே நம் குழந்தைகளின் பள்ளிக்கூடம் அரசின் கணக்கில் ‘பாடசாலை’ ஆயிற்று.

தோட்டத்தில் வைத்தியமே இல்லாமலிருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று 1912இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களுக்கு வந்தனர். கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கிறது. இரத்தம் குறைந்தவன் மண்வெட்டி பிடிக்கமாட்டான். ஆகவே அதற்கு மருந்து உண்டு. பல்வலிக்காரனோ வலியோடு மண்வெட்டி பிடிப்பான். ஈறு கரைந்தவளும் கொழுந்து கிள்ளுவாள். தோட்டத்து டிஸ்பென்சரியின் அலமாரியில் பல்லுக்கு இருந்தது ஒரு குறடு மாத்திரமே. அதுவும் எல்லாத் தோட்டங்களிலும் இருந்ததில்லை. கைக்கு வைத்தியம் பார்த்த ஏற்பாடு வாயைத் திறந்து பார்க்கவேயில்லை.

பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்த கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் உலகத்துப் பல் வைத்திய மாணவர்களெல்லாம் பாடமாகப் படிக்கும் இக்கதை நமது ஆசிரியர் அறைகளில் பேசப்பட்டதை நாம் ஒருபோதும் கேட்டதில்லை.

ஹரால்ட் லோ என்பவர் நோர்வே நாட்டுப் பல் வைத்திய விஞ்ஞானி. பிற்காலத்தில் அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிலையத்துக்கே தலைவராக இருந்தவர். ஈறு நோய் மனிதரிடத்தில் இயற்கையாக எவ்வாறு வளர்கிறது, குறுக்கே எந்தச் சிகிச்சையும் நிற்காதபோது எத்தனை வயதில் எத்தனை பல்லைக் கொண்டுபோகிறது என்று அறிய அவரும் தோழர்களும் விரும்பினர். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கூட்டத்தார் வேண்டும். முதற் கூட்டம் ஒஸ்லோ நகரில் கிடைத்தது: 1969இல் சோதிக்கப்பட்ட 565 ஆண்கள், மாணவரும் கல்விமான்களும். அந்நகரில் 1930களிலிருந்தே குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆண்டுதோறும் முறையான பற்பராமரிப்பு கிடைத்துவந்தது. இரண்டாம் கூட்டத்தார் அதற்கு நேர் எதிராக, பல் வைத்தியத்தின் நிழல்கூடப் படாதவர்களாக இருக்க வேண்டும். அதே வேளையில் உடல் நலத்தோடு இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இடம்பெயராமல் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதரை உலகில் எங்கே தேடுவது?

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தேடினார்கள், கிடைத்தார்கள். 1970ஆம் ஆண்டு மத்திய மலைநாட்டில் 480 ஆண் தொழிலாளரின் வாய்கள் அளக்கப்பட்டன. பல் துலக்கும் தூரிகையை அறியாதவர்கள், தடுப்பு முறை எதனையும் கேள்விப்படாதவர்கள், வைத்தியரின் நாற்காலியில் அமராதவர்கள் என்பதே அவர்களைத் தெரிந்தெடுக்கக் காரணமான தகுதி. 1985 வரை மீண்டும் மீண்டும் அளந்தார்கள். இறுதிச் சோதனைக்கு 161 பேர் எஞ்சியிருந்தனர். 1986இல் வெளியான முடிவுப்படி, அவர்களுள் 100க்கு 8 பேருக்கு நோய் அதிவேகமாகப் பரவிற்று. 81 பேருக்கு நடுத்தர வேகத்தில். 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றுவிட்டது. அதிவேக நோய்க்கு ஆளானோர் நாற்பத்தைந்து வயதாகுமுன் ஏறத்தாழ எல்லாப் பற்களையும் இழந்தனர். 2010இல் வேறொரு குழுவினர் பழைய பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மீண்டும் தோட்டங்களுக்குச் சென்றனர். 480 பேரில் 75 பேரைக் கண்டு சோதித்தனர். நாற்பதாண்டுக் கணக்கு 2017இல் அச்சேறியது.

நாம் விஞ்ஞானத்தின் எதிரிகளல்லர். எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஈறு நோய் வருவதில்லை என்ற உண்மையை உலகம் அறிந்தது அத்தொழிலாளரின் வாய்களிலிருந்து. அந்த அறிவினால் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேருடைய பற்கள் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆராய்ச்சியாளர் தம் தொழிலைச் செய்தார்கள். நமது கேள்வி இந்த நாட்டை ஆண்டவர்களை நோக்கியது. இலவச வைத்தியத்துக்குப் பெயர்பெற்ற நாடொன்றில், சுதந்திரம் பெற்று 22 ஆண்டுகள் சென்றபின், பல் வைத்தியத்தால் தீண்டப்படாத மனிதக் கூட்டம் ஒன்றை அயல்நாட்டு விஞ்ஞானி இத்தனை எளிதாகக் கண்டுபிடிக்க முடிந்ததே, அது எப்படி? அந்தச் செய்தி வெளியானபோது சுகாதாரத் துறையில் யாருக்காவது தூக்கம் கெட்டதா? ‘இயற்கை வரலாறு’ என்று அவ்வாராய்ச்சிக்குப் பெயர். சிகிச்சை வராமல் தடுத்தது மாத்திரம் இயற்கை அன்று. அதற்குச் சட்டங்களும், கணக்கேடுகளும், துரைமாரும், மந்திரிமாரும் இருந்தார்கள்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு செய்தி உண்டு. நமக்கு அதுவே மிகக் கொடுமையானதாகத் தோன்றுகிறது. அந்தத் தொழிலாளரிடம் பூச்சிப்பல் ஏறத்தாழ இல்லவே இல்லை. அவர்கள் இழந்த பற்களெல்லாம் ஈறு நோயால் போனவை. அதாவது, 1970இல் லயத்து மனிதனின் பல் சொத்தை பிடித்ததன்று.

இன்று? 2015–16ஆம் ஆண்டுத் தேசிய வாய்ச்சுகாதார ஆய்வு, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக் குழந்தைகளில் பத்தில் ஆறு பேரளவில் பற்சிதைவு கண்டது. லயத்துக் குழந்தை அந்தப் பத்தில் எந்தப் பக்கம் நிற்கும் என்று ஊகிக்கப் பேராசிரியர் வேண்டியதில்லை. பிள்ளை மடுவத்துக்குப் போகும் குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட் பக்கெட். பாடசாலை வாசலில் நிறம் பூசிய இனிப்புப் பானம். பசியை அடக்கச் சீனி போட்ட பிளேன்டீ, நாளைக்கு மூன்று நான்கு முறை. காலையில் மலையேறும் தாய்க்குக் கஞ்சி காய்ச்ச நேரமில்லை. கம்பனியின் லொறி, ஒழுங்கான பாதையில்லாத தோட்டத்துக் கடைக்கும் வாரந்தவறாமல் ஏறி வருகிறது. சந்தை லயத்தின் வாசலை அடைந்து ஒரு தலைமுறையாகிறது. பற்சிகிச்சையாளர் இன்னும் பிரதான வீதியிலேயே நிற்கிறார். ஈறு நோயோடிருந்த மக்களுக்குப் பூச்சிப்பல்லையும் கொடுத்த இந்த முன்னேற்றத்தை என்ன பெயரிட்டு அழைப்பது?

இங்கே நமக்கு உபதேசம் செய்ய வருபவர்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. இம்மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பார்கள். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று சொல்லிவைத்த இனமல்லவா என்று பழமொழியை எடுத்துக் காட்டி வேறு வருத்தப்படுவார்கள். ஐயா, வேல் வறண்ட சமவெளியின் மரம். இந்தக் குளிர் மலையில் அது எளிதில் வளராது. பஞ்சத்தில் புறப்பட்டு வந்தவர்கள் ஊரையும் காணியையும் விட்டதோடு பல் துலக்கும் குச்சியையும் அக்கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இங்கே கிடைத்தது அடுப்புக் கரியும் செங்கல் தூளும். இன்றும் தூரிகை இல்லாத வீடுகள் அருகிவிட்டாலும், அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தூரிகை என்ற வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். பிரதேசத்துப் பாடசாலையொன்றுக்கு வாய்ச்சுகாதாரச் சுவரொட்டி வந்தது, முழுவதும் சிங்களத்தில். தமிழ்ப் பாடசாலைக்கு வந்த அந்தச் சுவரொட்டியைச் சுவரில் ஒட்டினோம். படம் நன்றாக இருந்தது. விழிப்புணர்வு யாருக்கு இல்லை என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

அடுத்தது வெற்றிலை. இதில் நாம் மழுப்ப விரும்பவில்லை. பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்குவது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே போதும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் திட்டமாகச் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. நம் மாணவரின் பாட்டன்மார் சிலரின் வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறவாததை நாமே பார்த்திருக்கிறோம். கன்னத்தின் உட்புறம் நார் நாராய் இறுகிப்போன அந்நிலை புற்றுநோய்க்கு முந்திய படி. ஆயினும் விடியற்காலைக் குளிரில், அட்டை கடிக்கும் ஈரத்தில், வெறும் வயிற்றோடு நிரையில் நிற்கும் பெண் ஏன் வெற்றிலை போடுகிறாள்? பசி மறக்க, குளிர் மறக்க. தோட்டத்து வேலை இப்பழக்கத்தை வளர்த்தது. வளர்த்த வேலையை விட்டுவிட்டு வாயை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது எளிது.

அதிலும் ஒரு சான்று நம் கையில் இருக்கிறது. 1980களில் இலங்கையிலேயே ஒரு பரிசோதனை நடந்தது. வைத்தியருக்குக் காத்திராமல், ஆரம்பச் சுகாதார ஊழியர் 34 பேருக்குப் பயிற்சியளித்து, கிராமவாசிகளின் வாயைத் திறந்து பார்க்கச் செய்தார்கள். ஏறத்தாழ 28,000 பேரை அவர்கள் ஓராண்டுக்குள் பார்த்து முடித்தார்கள். எளிய பயிற்சியோடு, வீட்டு வாசலிலேயே, ஆபத்தான புண்ணை அடையாளங்காண முடியும் என்பது நிரூபணமாயிற்று. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழிலேயே அது வெளிவந்தது. ஆனால் சந்தேகப்பட்டு மேற்சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் போய்ச் சேர்ந்தவர்கள் பாதிக்குச் சற்றே மேற்பட்டோர். மற்றவர்கள் ஏன் போகவில்லை? அறியாமையா? வாசலுக்கு வந்த ஊழியரிடம் தயங்காமல் வாயைத் திறந்து காட்டியவர்கள்தாமே அவர்கள்! வீட்டுக்கு வந்த வைத்தியத்தை மக்கள் ஏற்றார்கள்; தொலைவில் வைத்த வைத்தியத்தைப் பாதிப்பேரால் எட்ட முடியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த இந்தப் பாடத்தைப் படிக்க ஒரு சுகாதாரத் துறைக்கு இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

ஹல்துமுல்லையின் நில அமைப்பை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பலாங்கொடைப் பக்கமிருந்து வரும் நெடுஞ்சாலை இங்கே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு ஏறிப் பெரகலைச் சந்தியை அடைகிறது. அங்கிருந்து ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்கும், மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கும் போகின்றன. சாலையில் நிற்கும் உல்லாசப் பயணிக்குத் தெற்கே விரியும் சமவெளி கண்கொள்ளாக் காட்சி. லயங்கள் அச்சாலையில் இல்லை. மேலும் கீழுமாகச் சரிவுகளில் ஒளிந்திருக்கின்றன. வரைபடத்தில் ஆஸ்பத்திரிக்கும் லயத்துக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்கும் உத்தியோகத்தர் ‘அணுகக்கூடியது’ என்று எழுதிவிடுகிறார். தொழிலாளி அத்தூரத்தைப் பேரால் அளக்கிறார். ஒரு பேர் தூரமா, இரண்டு பேர் தூரமா என்பதே அவரது அளவுகோல். சிகிச்சைக்குக் காசு வாங்காத ஆஸ்பத்திரிதான். ஆனால் அதன் வாசலை அடைய ஒரு நாட்சம்பளம் கட்டணம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் அதனைப் பெற்ற மக்கள், அடுத்த ஆண்டே வந்த பொருளாதார வீழ்ச்சியில் அந்த ஆயிரத்தின் பெறுமதி கண்முன்னே கரைவதைக் கண்டவர்கள், வலிக்காத பல்லைக் காட்ட ஒரு பேரை இழப்பார்களா? நாமாக இருந்தாலும் இழக்கமாட்டோம். தடுப்பு வைத்தியம் என்பதே வலிக்குமுன் செய்யப்படுவது. வலிக்குமுன் எவரும் வரமுடியாத இடத்தில் அதை வைத்துவிட்டு, மக்கள் வரவில்லை என்று அறிக்கை எழுதுவது என்ன நியாயம்?

தோட்டங்களை 1972இலும் 1975இலும் அரசு சுவீகரித்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. பல அப்படியே கிடந்தன. பொறுப்பு யாருடையது என்று கேட்டால் கம்பனி அரசைக் காட்டும். அரசு கம்பனியைக் காட்டும். இடையில் பல் பிடுங்கப்படும்.

நம் பக்கத்தாரையும் விட்டுவிட முடியாது. முற்போக்காளரென்று நெஞ்சு நிமிர்த்தும் நாமும், தொழிற்சங்கத் தலைவர்களும், சம்பளம், வீடு, காணி என்று முழங்கியிருக்கிறோம், முழங்கியது சரியே. ஆனால் எந்தக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் ஒரு குழந்தையின் பல் கோரிக்கையாக ஏறியது? மே தின மேடையில் பல்லைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள் என்று அஞ்சுகிறோமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண் மூடியபோது நாடு முழுதும் நம் திசையை நோக்கிற்று. மந்திரிமார் வந்தனர், காமிராக்கள் வந்தன. மண்சரிவு ஒரே காலையில் கொல்கிறது, அதனால் செய்தியாகிறது. இருபது ஆண்டுகளில் ஒரு வாயை வெறுமையாக்கும் சரிவுக்குச் செய்தி மதிப்பில்லை. முப்பத்தைந்து வயதில் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கும் தாய்மாரைப் பெற்றோர் கூட்டத்தில் நாம் ஒவ்வொரு தவணையும் காண்கிறோம். அவர்களில் பலர் பேசவே எழுந்திருப்பதில்லை. அவர்களுக்குக் கருத்து இல்லை என்று நாம் நினைத்திருந்தோம்.

வழி இல்லாததாலன்று இந்நிலை. 2021ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புளோரைட் பற்பசையைச் சேர்த்தது. கூடவே, துளையிடாமல், மின்சாரமில்லாமல், பூச்சிப்பல்லின் மீது ஒரு துளி தடவிச் சிதைவை நிறுத்தும் வெள்ளிப் புளோரைட் மருந்தும் இடம்பெற்றது. தடவிய இடம் கறுக்கும், ஆனால் பல் நிற்கும். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை 1980களில் தன்சானியாவின் கிராமங்களில் உருவானது. அதற்கு மின்சார நாற்காலி வேண்டாம், வகுப்பறை மேசை போதும். மலைநாட்டு நீரில் புளோரைட் குறைவு. அனுராதபுரத்து வறண்ட நிலத்தில் அது மிகுந்து பற்களைக் கறையாக்குகிறதென்றால், இங்கே இல்லாமையால் பற்கள் காவலின்றி நிற்கின்றன. ஆகவே இங்குள்ள குழந்தைக்குப் பற்பசை ஆடம்பரமன்று, மருந்து. அம்மைத் தடுப்பூசியை வாங்கிக் கொடுங்கள் என்று எந்த அரசாவது தாயிடம் சொல்கிறதா? பற்பசையை மாத்திரம் ஏன் தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கச் சொல்கிறார்கள்?

நாம் கேட்பது பெரிய ஆஸ்பத்திரியன்று. பிள்ளை மடுவத்தில் காலைக் கஞ்சியோடு பல் துலக்கலும் அன்றாட வேலையாகட்டும். தூரிகையும் பசையும் அரசின் செலவில் வரட்டும். தாயையும் குழந்தையையும் ஏற்கெனவே லயம் தேடி வந்து பார்க்கும் குடும்ப நல உத்தியோகத்தர் குழந்தையை நிறுக்கும்போதே வாயையும் திறந்து பார்க்கட்டும். பாட்டியின் கன்னத்து உட்புறத்தையும் பார்க்கட்டும். பாடசாலைப் பற்சிகிச்சையாளர் தவணைக்கொருமுறை தோட்டப் பாடசாலைக்கு வரும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டு, தமிழில் அறிவிக்கப்படட்டும். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கட்டும். “வலிக்கிறதா?” என்ற ஒரு சொல்லைக் குழந்தையின் மொழியில் கேட்கத் தெரியாதவரிடம் எந்தக் குழந்தை வாயைத் திறக்கும்? மலையகத்துப் பிள்ளைகள் அந்தப் பயிற்சிக்குத் தெரிவாக வேண்டும். அதற்கு நம் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் வேண்டும். இப்படி ஒரு பல்லைத் தொட்டால் எல்லாம் ஆடத் தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மகனைப் பல் வைத்தியரிடம் அழைத்துப் போகும் நாளுக்குப் பேர் விழ வேண்டும். இதைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்கத் தொழிற்சங்கங்களுக்குத் துணிவு உண்டா?

சென்ற தவணை நடந்ததற்குப் பிறகு நாமும் சக ஆசிரியர் இருவரும் ஆரம்பப் பிரிவு மாணவருக்குத் தூரிகைகள் வாங்கினோம். இடைவேளைக்குப் பின் குழாயடியில் வரிசையாக நிறுத்தித் துலக்கவைக்கிறோம். ஒவ்வொரு தூரிகையிலும் பெயர் எழுதியிருக்கிறது. இதை ஒரு சாதனையாக எழுதவில்லை. அரசு செய்ய வேண்டியதை ஆசிரியன் தன் சம்பளத்தில் செய்வது தீர்வாகாது. முதல் வாரம் ஈறில் இரத்தம் வருகிறதென்று சிறுமி ஒருத்தி பயந்து நிறுத்திவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி மீண்டும் துலக்கவைத்தோம், இப்போது இரத்தம் வருவதில்லை. மழையில்லாத நாட்களில் குழாயில் நீர் இருப்பதில்லை. அன்று துலக்கலும் இல்லை. பெற்றோரின் கையெழுத்துகளோடு, பற்சிகிச்சையாளர் பாடசாலைக்கு வரும் நாளைக் குறித்துத் தருமாறு கேட்டு உரிய இடத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. கடிதத்தைத் தமிழிலேயே எழுதினோம். பதில் வந்ததும் இப்பக்கங்களில் தெரிவிப்போம்.